குரலுக்குமா கடன்?

புதுச்சேரி நகருக்கு வடக்கே, சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டை ஒட்டிக் கிடப்பது பிள்ளைச்சாவடி. கடல்தொழிலால் வாழ்ந்துவரும் சிற்றூர். அவ்வூர்ப் பெயரைத் தன் முகவரியில் தாங்கி 1984-ஆம் ஆண்டில் தோன்றிய பொறியியற் கல்லூரி, 2020-ஆம் ஆண்டில் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அருகே காலாப்பட்டில் 1985-இல் நிறுவப்பெற்ற நடுவணரசுப் பல்கலைக்கழகம் உள்ளது. ஒருபால், அலையோசையை மீறிக் கூவிப் பழகிய தொண்டைகள். மறுபால், ஆங்கிலத்தில் அடக்கமாகப் பேசப் பயிற்றும் வகுப்பறைகள். இவ்விரண்டிற்கும் இடையே வளரும் தமிழ்ப் பிள்ளை, தன் வாய்க்குள் எந்த மொழியில் முணுமுணுக்கும்? சிறிய வினாப்போல் தோன்றும் இதனுள், ஒரு மொழியின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

ஆங்கிலம் பயிற்றும் வகுப்புகளில் ஒரு சொற்பட்டியல் தவறாது இடம்பெறும். ‘விசுபர்’, ‘மர்மர்’, ‘மட்டர்’, ‘மம்பிள்’, ‘பேபிள்’, ‘சிடாமர்’, ‘யெல்’, ‘சிகிரீம்’, ‘விம்பர்’ எனப் பேச்சின் வகைகளையும் குரலின் நிலைகளையும் குறிக்கும் சொற்கள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். “ஒரு பேச்சுக்கு எத்தனைச் சொற்கள் பாருங்கள்! தமிழில் என்ன இருக்கிறது? மெதுவாகப் பேசு, சத்தமாகப் பேசு – இவ்வளவுதானே?” என்று சிலர் சொல்வதும், பிள்ளைகள் அதனை அப்படியே நம்பிக்கொண்டு வீடு திரும்புவதும் அன்றாடக் காட்சிகள். ‘சத்தம்’ என்னும் அச்சொல்தானும் தமிழன்று என்பதை அறியாதாரே தமிழை எடைபோட வருகின்றனர் என்பது ஒருபுறம் நிற்க. இக்கூற்று உண்மைதானா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பொத்தகத்தைத் திறக்கவேண்டா, ஒரு வீட்டின் ஒருநாள் வாழ்வைக் கேட்டாலே போதும். விடியலில் குழந்தை சிணுங்குகிறது. பால் வரத் தாழ்ந்தால் வீறிடுகிறது. வயிறு நிறைந்ததும் மிழற்றுகிறது. தாய் கொஞ்சுகிறாள், தாலாட்டுகிறாள். தால் என்பது நா. நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு. மூத்தவன் பாடத்தை ஒப்பிக்கிறான், தங்கை அவனைப் பார்த்து ஏதோ காதோடு காதாய்க் கிசுகிசுக்கிறாள், அவன் அதட்டுகிறான், அவள் தேம்புகிறாள். பாட்டி மூலையில் அமர்ந்து முணுமுணுக்கிறாள். நோவு மிகும்போது முனகுகிறாள். தாத்தா வாயிலில் நின்று செருமுகிறார். அவர் வந்துவிட்டார் என்று வீடு அடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி தொணதொணக்கிறாள். குடித்து வந்தவன் உளறுகிறான், நாக் குழறுகிறது. சாவு வீட்டில் பெண்கள் புலம்புகின்றனர், அரற்றுகின்றனர், ஓலமிடுகின்றனர், மணவீட்டில் குலவையிடுகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் புலவர் புனைந்த சொல்லா? ஒன்றற்கேனும் ‘மெதுவாக’, ‘உரக்க’ என்னும் அடைமொழியின் துணை வேண்டியதாயிற்றா? ஒவ்வொரு வினைச்சொல்லும் தன் ஓசையளவையும், பேசுவார் உள்ளத்தையும், கேட்பார் நிலையையும் தனக்குள்ளேயே கொண்டிருக்கின்றது.

சினத்தின் சொற்களை மட்டும் பிரித்துப் பார்ப்பின், வைதல் வேறு, ஏசுதல் வேறு, அதட்டல் வேறு, மிரட்டல் வேறு, கடிதல் வேறு, இடித்துரைத்தல் வேறு. வைபவனுக்குத் தன் சினம் தீரவேண்டும். இடித்துரைப்பவனுக்கோ கேட்பவன் திருந்தவேண்டும். இவ்வொரு வேறுபாட்டில் ஓர் ஒழுக்க நூலே அடங்கியிருக்கிறது. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் ஆகப் பேச்சுக்கெனவே நான்கு அதிகாரங்களை, 40 குறட்பாக்களை ஒதுக்கினார். பேச்சின் வகைகளைப் பகுத்துணராத ஓர் இனத்தில் இத்தகைய நூல் பிறந்திருத்தல் இயலுமா?

விலங்கும் பறவையும் எழுப்பும் ஒலிகளுக்குக்கூடத் தமிழ் தனித்தனிச் சொல் வகுத்துத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பித்தது. காகம் கரையும், மயில் அகவும், குயில் கூவும், ஆந்தை அலறும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், வண்டு முரலும், நரி ஊளையிடும். இம்மரபைப் பிழையறக் கற்ற பிள்ளை, மாந்தக் குரலின் வகைக்குச் சொல் தேடி அயல்மொழியின் வாயிலில் நிற்பதாயின், பிழை மொழியினுடையதன்று, கற்பிப்பாரினது என்க.

இனி, குரலின் இயல்பையே எடுத்துக்கொள்வோர் தொல்காப்பியப் பிறப்பியலைக் காண்க. உந்தியினின்று எழுந்த காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னுமிடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலியாகத் தோன்றும் முறையைத் தொல்காப்பியர் அங்கே விளக்குகின்றார். நன்னூலார், எழுத்தொலிகளை எடுத்தும் படுத்தும் நலிந்தும் ஒலிக்கும் முறைகளைக் குறிக்கின்றார். பண்டைத் தமிழிசையின் ஏழு நரம்புகளுள் முதலாவதற்கே ‘குரல்’ என்பது பெயர். குரலை ஆராய்ந்த இனம் இது. குரலுக்குச் சொல்லற்ற இனமன்று.

சொற்களின் ஒலியமைப்பை உற்றுநோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். ஒருவர் காதோடு மெல்லச் சொல்லும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை; மூச்சு மட்டுமே உரசி வெளிப்படுகிறது. ‘கிசுகிசு’ என்னும் சொல்லில் அவ்வுரசலே கேட்கின்றது. வாய் மூடியிருக்க ஒலி மூக்கின்வழி கசிவது முணுமுணுப்பு. அச்சொல்லின் மெய்கள் இரண்டும், மகரமும் ணகரமுமாகிய மெல்லெழுத்துகள். நா இயங்கமாட்டாது தடைப்படுவது திக்குதல், தெற்றுதல். அச்சொற்களின் நடுவிலும் வல்லொற்று இரட்டித்து நின்று மூச்சைத் தடுக்கின்றது. அங்காந்த வாயினின்று எழுவது அலறல். அச்சொல்லும் வாயை அங்காக்கும் அகரத்திலேயே தொடங்குகின்றது. முணுமுணு, கிசுகிசு, தொணதொண, சளசள என்னும் இரட்டைக்கிளவிகள் பிரிந்து நின்றால் பொருள் தாரா என்று தொல்காப்பியர் காலத்திலேயே இலக்கணம் வகுக்கப்பட்டது. கேட்டு, உணர்ந்து, ஒலித்துப் பார்த்துப் படைக்கப்பட்ட சொற்கள் இவை.

ஆங்கிலமும் இவ்வாறு ஒலிக்குறிப்பில் சொல் படைத்த மொழியே என்பதை மறுக்கவேண்டா. பிறமொழியின் வளத்தைக் குறைத்துப் பேசுவது தமிழ்ப்பற்றாகாது. ஆயின், அதன் வளம் முழுவதும் தன் வளமன்று என்பதும் அறியத்தக்கது. ‘விசுபர்’ அதன் பழஞ்சொல். ‘மர்மர்’ பிரெஞ்சின் வழியாக இலத்தீனத்திலிருந்து வந்தது. ‘கிரை’, ‘அனௌன்சு’, ‘திக்ளேர்’ என்பனவும் பிரெஞ்சுவழிச் சொற்களே. ‘கால்’ என்பது வடபுல நார்சு மொழியினின்று பெற்றது. பிரெஞ்சு ஆட்சியில் 1954 வரை இருந்த புதுவை மக்களுக்கு இவற்றுட் பலவற்றின் மூலம் நன்கு தெரியும். காதோடு சொல்லுதலைப் பிரெஞ்சுக்காரர் ‘சூசோத்தே’ என்பர். அதிலும் கிசுகிசுப்பின் உரசலே கேட்கின்றது. எல்லா இனத்தார் காதும் ஒன்றையே கேட்டிருக்கிறது. ஒவ்வோர் இனமும் தன் வாயால் அதற்குச் சொல் படைத்தது. தமிழன் மட்டும் தன் காதால் கேட்டதைப் பிறன் வாயால் சொல்லவேண்டுவதேன்?

சொல்லுதல் என்னும் ஒரு வினைக்கே தமிழில் உள்ள சொற்களை மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) தொகுத்து, ஒவ்வொன்றன் பொருள்நுணுக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். கூறுதல், சாற்றுதல், செப்புதல், நுவலுதல், பகர்தல், பறைதல், புகலுதல், மொழிதல், விளம்புதல் என்பன அவற்றுட் சில. செய்யுளில் மோனையும் எதுகையும் நோக்கி ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்கியதுண்டு என்பது உண்மை. அதுகொண்டு, இவற்றினிடையே வேறுபாடே இல்லை என முடித்தல் தவறு. ஊரார் அனைவர்க்கும் அறிவிப்பதைச் சாற்றுதல் என்பதும், வினாவிற்கு விடையிறுப்பதைச் செப்பு என்பதும் இன்றும் தெளிவாகவே விளங்குகின்றன. கூறு என்பது பகுதி. கடற்கரையிலும் அங்காடியிலும் மீனைக் கூறு வைத்து விற்பதைக் கண்டவர்க்கு, செய்தியைப் பகுதி பகுதியாக வைத்துச் சொல்வதே கூறுதல் என்பதற்கு வேறு உரை வேண்டா.

இச்சொற்கள் செத்துவிட்டன என்பார்க்குப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியே விடையாக நிற்கின்றது. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என நான்கு நிலப்பகுதிகள் அதன்கண் உள. மாகியில் மலையாளம் பேசுவார் நாடோறும் ‘பறயுக’ என்கின்றனர். ஏனாமில் தெலுங்கு பேசுவார் நாடோறும் ‘செப்பு’ என்கின்றனர். குமரி மாவட்டத்துத் தமிழர் வாயிலும் பறைதல் இன்றும் உயிரோடிருக்கின்றது. ஈழத்தமிழர் உரையாடலைக் ‘கதைத்தல்’ என்றும், கடிந்துகொள்ளுதலைப் ‘பேசுதல்’ என்றும் வழங்குகின்றனர். ஒரே ஆட்சியின் கீழிருக்கும் அண்டையினத்தார் அன்றாடம் வழங்கும் சொல்லைப் புதுவைத் தமிழன் ‘பழைய சொல்’ என்று ஒதுக்கிவிட்டு, ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்த சொல்லைப் ‘புதிய சொல்’ என்று தழுவிக்கொள்வது நகைப்பிற்குரியது மட்டுமன்று; நாணத்தக்கதும் ஆகும்.

அங்ஙனமாயின், இத்துணை வளமிருந்தும் ஆங்கிலச் சொல் எவ்வாறு உள்ளே புகுந்தது? நோய் எங்கே இருக்கிறது என்பதைச் செவ்வையாகக் காணவேண்டும். ‘விசுபர் பண்ணாதே’, ‘சௌட் பண்ணாதே’, ‘மியூட் பண்ணு’ என்னும் தொடர்களை நோக்குக. ‘பண்ணு’ என்பது நல்ல தமிழ்ச்சொல். ஆயின் அது இங்கே அயற்சொல்லைச் சுமக்கும் வண்டியாகிவிட்டது. எந்த ஆங்கில வினையையும் பெயராக்கி அவ்வண்டியில் ஏற்றினால், காலங்காட்டும் வேலையையும் இடங்காட்டும் வேலையையும் வண்டியே செய்துவிடுகிறது. ஆகவே பேசுவார்க்குத் தடையே தோன்றுவதில்லை. தமிழ் பேசுவதாகவே எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் இழப்போ பெரிது. முணுமுணு என்னும் ஒரு வினை போகும்போது, முணுமுணுத்தான், முணுமுணுக்கிறாள், முணுமுணுக்காதே, முணுமுணுப்பு, முணுமுணுத்தபடி எனும் அதன் குடும்பம் முழுவதும் உடன்போகின்றது. பெயர்ச்சொல்லைக் கடன்வாங்கினால் வீட்டிற்கு ஒரு பொருள் வந்தது எனலாம். வினைச்சொல்லைக் கடன்வாங்கினால் வீட்டின் கைகால்களே விலைபோயின என்க.

இவ்விழப்பின் கேட்டை மருத்துவமனையில் காணலாம். முதியவள் ஒருத்தி தன் குரல் ‘கம்முகிறது’ என்பாள். மற்றொருத்தி ‘கரகரக்கிறது’ என்பாள். இன்னொருத்தி ‘தொண்டை கட்டிக்கொண்டது’ என்பாள். மூன்றும் மூன்று நிலைகள். அவற்றைக் கேட்கும் இளம் மருத்துவர் மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் எழுதிக்கொண்டால், நோயாளியின் வாயிலிருந்த நுட்பம் ஏட்டில் மறைந்துபோகும். துயரால் குரல் தழுதழுப்பதும், அச்சத்தால் நடுங்குவதும், உச்சியில் பிசிறடிப்பதும், வளரும் சிறுவனுக்கு உடைவதும் எனக் குரலின் நிலைகளை வேறு வேறாக அறிந்த மொழி தமிழ். சிறுவர்க்குக் குரல் உடையும் அப்பருவ மாற்றத்தை நாடகக் குழுவினர் ‘மகரக்கட்டு’ என்றனர். சிறுவர்களையே நடிகராகக் கொண்ட குழு அமைத்துப் பயிற்றிய நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாசு அடிகள் (1867–1922) புதுச்சேரியிலேதான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் அங்கே மாலையிடுவோருள் எத்துணைப் பேர் தம் மகனின் குரல் உடைந்தபோது அச்சொல்லை நினைத்தனர்?

இங்கே தமிழன்பர்களும் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. சொல்லுதலுக்கு 40 சொற்கள் உள என்று மேடையில் அடுக்குவது எளிது. அவ்வடுக்கு முடிந்ததும் கைதட்டல் எழுவதும் இயல்பு. ஆயின், கடற்கரைக்காரன் பேச்சைக் கேட்டுக் ‘கொச்சை’ என்று நகைத்தோர் யாவர்? அலைக்கு மேலே குரலெடுத்துக் கூப்பிடவும், கரைவலை இழுக்கையில் அனைவர் கையும் ஒருங்கே இயங்குமாறு அம்பாப்பாட்டுப் பாடவும் அறிந்தவன் அவன். குரல் எட்டும் தொலைவையே அளவையாக்கிக் ‘கூப்பிடு’ என்று பெயரிட்டு, 4 கூப்பிடு கொண்டது 1 காதம் என வாய்பாடு வகுத்த இனத்தின் நேர்வழியினன் அவன். வினைச்சொற்கள் ஏட்டில் உறங்கியபோது அவற்றை வாயில் வைத்துக் காத்தவர்கள், பள்ளி காணாத பாட்டியரும், உழவரும், கடலோடிகளுமே. அவர்கள் பேச்சை எள்ளிக்கொண்டே தூயதமிழ் வளர்க்க முற்படுவது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீரூற்றுவதை ஒக்கும்.

பிள்ளைச்சாவடிக் கரையே இதற்கொரு பாடமாக நிற்கின்றது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றுவாயில் துறைமுகத்திற்காகக் கடலுள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. மணல் அங்கேயே தடைப்பட்டது. வடக்கிலுள்ள கரைகள் தேய்ந்தன. நகரைக் காக்கக் கல்லை அடுக்கினர். கல்லடுக்கிய இடம் நின்றது. அரிப்போ மேலும் வடக்கே சென்றது. இறுதியில் பிள்ளைச்சாவடியும் அதன் அண்டையூர்களும் தம் மணற்பரப்பை இழந்தன. கரையோர வீடுகள் இடிந்து வீழ்ந்தன. கரை கரைந்ததற்குக் கரணியம் அலையன்று. அலை என்றும் உள்ளது. நாள்தோறும் வந்துகொண்டிருந்த மணல் நின்றதே கரணியம்.

மொழிக்கும் ஈதொக்கும். ஆங்கிலம் என்னும் அலை இன்று நேற்று வந்ததன்று; பிரெஞ்சு அலையையும் இம்மண் கண்டது. தாய் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு நாள்தோறும் நகர்ந்துகொண்டிருந்த சொல் நின்றதனாலேயே கரை தேய்கின்றது. அகரமுதலிகளும், ஆட்சிமொழிச் சட்டங்களும் கற்சுவர்கள் போல்வன. அவை வேண்டும், வேண்டா என்பார் மொழிப்பகைவரே. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுச்சேரியில் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. 1974-இல் தமிழ்நாட்டில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிற்று. இவை இரண்டும் அரிய செயல்கள். ஆயினும் சுவர், இருக்கும் நிலத்தைக் காக்குமேயன்றிப் புதுமணலைக் கொணராது. நகரக் கரையில் 2018-ஆம் ஆண்டளவில் தலைமைச் செயலகத்தின் அருகே கடலடியில் திட்டு அமைத்து, மணல் தங்குவதற்கு வழி செய்தபின்னரே, அங்கே மீண்டும் மணற்கரை தோன்றிற்று. மொழிக்கும் அத்தகைய வழியே தேடவேண்டும்.

அவ்வழி அரிதன்று, பொருட்செலவும் வேண்டா. ஆங்கில வகுப்பில் அப்பட்டியலைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘மெதுவாகப் பேசுதல்’ என்று பொதுப்பொருள் எழுதிப்போடாமல், கிசுகிசுத்தல், முணுமுணுத்தல், முனகுதல், பிதற்றுதல், திக்குதல், அலறுதல், சிணுங்குதல் என நேர்ச்சொல் தருக. ஒரு மொழியின் நுட்பத்தைக் கற்பிக்கும் அவ்வேளையே மற்றொரு மொழியின் நுட்பத்தை நினைவூட்டும் வேளையுமாகும். தமிழாசிரியர், ‘உன் பாட்டியிடம் கேட்டுக் குரலைக் குறிக்கும் 10 சொற்களை எழுதி வா’ என்று பிள்ளைகளுக்குப் பணி தருக. கடற்கரைப் பிள்ளை கொண்டுவரும் சொல்லைப் பிழையென அடிக்காமல் கரும்பலகையில் எழுதுக. அன்று அப்பிள்ளையின் தலை நிமிரும். அதன் ஊரும் தலை நிமிரும். வீட்டில் பெற்றோர், பண்ணுதலை விட்டு வினையை நேராகச் சொல்லிப் பழகுக. ‘கத்தாதே’ என்பதற்கும் ‘கூச்சலிடாதே’ என்பதற்கும் அயற்சொல்லின் துணை எதற்கு? கைப்பேசியில் ‘மியூட் பண்ணு’ என்னும் இடத்தில் ‘ஒலியடக்கு’ என்றால் எக்கருவியும் பழுதாகாது.

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழன் வாழ்வு. இடையில் அவன் மிழற்றியதும், ஓதியதும், கொஞ்சியதும், கெஞ்சியதும், இடித்துரைத்ததும், விம்மியதும் அவன் குரலே. நிலத்தை இழந்தவன் மீட்கப் போராடலாம். பொருளை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம். தன் அழுகைக்கும் சிரிப்புக்கும் உரிய சொல்லை இழந்தவன், எந்த மொழியில் நின்று எதனை மீட்பான்? குரல் சொந்தமாக இருக்கையில் குரலின் பெயரைக் கடன்வாங்க வேண்டா. இன்று மாலை பிள்ளை பள்ளியிலிருந்து வந்து காதோடு ஏதேனும் சொல்லுமாயின், அதற்குப் பெயர் ‘கிசுகிசுப்பு’ என்று அதன் காதிலேயே கிசுகிசுத்துவிடுக. அன்றே ஒரு பிடி மணல் கரைக்கு வந்து சேரும்.